குறுக்குவில்லை எடுத்துவிட்டு யானையைக் கொடுத்தார்கள்: ஸ்ட்ராட்டஜி கேம்களில் பழைய வியத்நாம்

சிவிலைசேஷன் 6 என்ற வரலாற்று ஸ்ட்ராட்டஜி கேமில் வியத்நாமைத் தேர்ந்தெடுத்து இடைக்காலம் வரை ஆடிப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். மற்ற எல்லா நாடுகளுக்கும், விசையை இழுத்து அம்பு எய்யும் குறுக்குவில் வீரன் வரும் இடத்தில் வியத்நாமுக்கு மட்டும் யானை வரும். வோய் சியென் என்று பெயர். தாக்கிவிட்டு நகரலாம், தற்காப்பில் கூடுதல் பலம், பார்வைத் தூரமும் அதிகம். விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் மோசமான யூனிட் என்று சொல்லவே முடியாது. ஆனால் பழைய வியத்நாமின் கதைகளில் எந்த ஆயுதத்துக்கு முதலிடம் என்று அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கேட்டால், யோசிக்காமல் குறுக்குவில் என்று சொல்லும். அந்தப் படையையே எடுத்துவிட்டு அதன் இடத்தில் யானையை ஏற்றியிருக்கிறார்கள்.

இதை ஒரு சின்னச் சறுக்கலாக விட்டுவிடலாம்தான். ஆனால் இந்த நாட்டை ஸ்ட்ராட்டஜி கேம்கள் கையாண்ட விதத்தை வரிசையாகப் பார்த்தால், அதே சறுக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. வியத்நாம் என்றதும் வடிவமைப்பாளர்களுக்குக் காடுதான் நினைவுக்கு வருகிறது. அகழாய்வுகளும் பழைய குறிப்புகளும் காட்டுவதோ தண்ணீரை.

காட்டுக்குள் ஒரு நாடு

வியத்நாம் சிவிலைசேஷன் தொடருக்குள் வந்ததே தாமதம். 1991இல் தொடங்கிய தொடர். வியத்நாம் வந்தது 2021 ஜனவரியில், நியூ ஃபிரான்டியர் பாஸ் என்ற தொகுப்பின் ஒரு பகுதியாக. அதே பொதியில் கூடவே வந்தவர் யார் தெரியுமா? குப்லாய் கான். 13ஆம் நூற்றாண்டில் இதே நாட்டின் மீது படை அனுப்பித் தோற்றவர். தெரிந்துதான் ஜோடி சேர்த்தார்களோ என்னவோ.

தலைவி பா ட்ரியூ. கி.பி. 248இல், இன்றைய தான் ஹோவா மாகாணப் பகுதியில், சீனத்தின் கிழக்கு வூ அரசை எதிர்த்துக் கிளம்பியவர். யானை மேலேறிப் போர் செய்தார் என்கிறது மரபுக்கதை. வூ அரசு லூ யின் என்ற அதிகாரியை அனுப்பிக் கிளர்ச்சியை அடக்கியது.

கேமில் இவர் தரும் திறன் இது: காடு, மழைக்காடு, சதுப்பு ஆகிய கட்டங்களில் சண்டையிடும் படைகளுக்கு 5 புள்ளி கூடுதல் பலம், அங்கிருந்து நகர்வைத் தொடங்கினால் ஒரு நகர்வு கூடுதல், கட்டம் சொந்த எல்லைக்குள் இருந்தால் இரண்டும் இரட்டிப்பு. நாட்டின் பொதுத் திறன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலத்தில் எழுப்பும் சிறப்பு மாவட்டங்களை இந்த மூன்று வகைக் கட்டங்களில் மட்டுமே கட்ட முடியும். அங்கே எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் காடு என்றால் கலாச்சாரம், மழைக்காடு என்றால் அறிவியல், சதுப்பு என்றால் உற்பத்தி ஒன்று கூடும்.

ஆடுவதற்கு இது அருமையான திறன், அதை மறுக்க மாட்டேன். மற்ற நாடுகளில் அவசரத்துக்கு மரத்தை வெட்டி உற்பத்தியாக மாற்றும் பழக்கம் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. இங்கே ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். மேப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. எதிரி எல்லைக்குள் நுழைந்தால் சாதாரண ஈட்டிக்காரன்கூட மழைக்காட்டுக் கட்டத்தில் 10 புள்ளி கூடுதலாக நின்று அடிப்பான், அடுத்த முறை அங்கிருந்து காணாமல் போவான்.

ஆனால் அந்தப் பொதுத் திறனின் பெயரைக் கவனியுங்கள்: ஒன்பது நாக நதிப் படுகை. அது தெற்கே உள்ள மீகாங் கழிமுகத்தின் பெயர். பா ட்ரியூ வாழ்ந்த 3ஆம் நூற்றாண்டில் மீகாங் கழிமுகம் ஃபூனான் அரசின் கையில் இருந்தது. ஓக் இயோ என்ற அதன் துறைமுக நகரை 1944இல் லூயி மாலரே அகழ்ந்தபோது ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பியுஸ் பெயர் பொறித்த பதக்கம்கூடக் கிடைத்தது. அவ்வளவு பெரிய வாணிகத் தளம். வியத்நாமியர் அங்கே குடியேறத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்தான். அதாவது பா ட்ரியூ தன் வாழ்நாளில் கால் வைத்திராத ஒரு கழிமுகத்தின் பெயரில் அவருக்கு நாடு கொடுத்திருக்கிறார்கள். சரி, கேமில் பெயர் ஒரு ஒட்டுத்தாள் போலத்தான், போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. பெயரிலேயே கழிமுகம் இருக்கும் நாட்டுக்கு ஆற்றினாலோ நெல் வயலினாலோ ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. நெல் பயிரிட வேண்டுமானால் மழைக்காட்டை அழிக்க வேண்டும். அழித்தால் மாவட்டம் கட்ட இடம் போய்விடும். வியத்நாமியரின் உண்மையான தாயகமான வடக்குச் செந்நதிப் படுகை நெல்லால் எழுந்தது. கேமின் வியத்நாமுக்கு நெல் எதிரி.

இந்த வடிவமைப்பின் வேர் 3ஆம் நூற்றாண்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1960களின் போரில் இருக்கிறது. மரத்துக்குப் பின்னால் மறைந்து அடித்துவிட்டு மறையும் கெரில்லாப் படை என்ற படத்தைத் தூக்கி ஆயிரத்தெழுநூறு ஆண்டு பின்னால் வைத்திருக்கிறார்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: இரண்டு தடவை, இரண்டு விதம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் வியத்நாமியர் வந்தது 2016 டிசம்பரில், ரைஸ் ஆஃப் தி ராஜாஸ் பொதியில், பர்மியர், கம்போடியாவின் கெமர், மலாய் ஆகியோரோடு சேர்ந்து. இந்தக் கேம் இடைக்காலத்தைச் சேர்ந்தது என்பதால் 15ஆம் நூற்றாண்டின் லே லோய்தான் நாயகன். சீன மிங் ஆட்சிக்கு எதிராக 1418இல் தொடங்கிய அவரது எழுச்சி ஒரு முழுக் கதைப்படலமாக இருக்கிறது. வில்லாளிகளுக்குக் கூடுதல் உயிர்ப்புள்ளி, அம்பு எளிதில் துளைக்காத பிரம்புக் கவசம் அணிந்த தனிப்படை, போர் யானைகளுக்கென்று ஒரு தனித் தொழில்நுட்பம். காகிதப் பணம் என்று இன்னொரு தொழில்நுட்பம் உண்டு. 1396இல் ஹோ குய் லி நிஜமாகவே காகிதப் பணத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இந்த மாதிரி ஒரு துணுக்கைத் தேடிப் பிடித்து வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

நம் விஷயத்துக்கு நெருக்கமானது இரண்டாவது வருகை. 2023 மே மாதம் ரிட்டர்ன் ஆஃப் ரோம் என்ற பொதி வந்தது. 1997இன் முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை அப்படியே இரண்டாவதன் இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள். பழைய பதினாறு நாடுகளோடு புதிதாகச் சேர்ந்த ஒரே நாடு லாக் வியத். உலோகக் காலத்துச் செந்நதிப் படுகை மக்கள் ஒரு பெரிய கேமில் தங்கள் சொந்தப் பெயரிலேயே நாடாக நின்றார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பழைய கேமின் வார்ப்பில் தனிப்படை என்பதே கிடையாது. எல்லோருக்கும் ஒரே படைப்பட்டியல். யாருக்கு எது இல்லை, யாருக்கு எதில் கொஞ்சம் கூடுதல் என்பதுதான் வித்தியாசம். ஆகவே லாக் வியத்தை வைத்து ஆடும்போது திரையில் லாக் வியத் என்று அடையாளம் சொல்ல எதுவும் தெரியாது. அந்தப் பொதியோடு வந்த புதிய கதைப்படலங்களும் அக்காத் மன்னன் சார்கோன், எபிரஸின் பிர்ரஸ், ரோமின் டிராஜன் ஆகியோரைப் பற்றியவை. பெயர் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை.

ஹானுக்குத் தலைமை தாங்கும் ட்ருங் ட்ராக்

2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7 இன்னொரு கதை. இதில் தலைவரும் நாடும் தனித்தனி. யாரையும் எதற்கும் தலைவராக்கலாம். தொடக்கத்திலிருந்தே இருக்கும் தலைவர்களில் ட்ருங் ட்ராக் ஒருவர். படைத்தலைவருக்கு இலவச நிலைகள், வெப்பமண்டல நிலத்தில் கூடுதல் அறிவியல். மறுபடியும் அதே ஈரக்காடு, பெயர் மட்டும் வேறு.

ட்ருங் ட்ராக் யார் என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். கி.பி. 40இல் சீன ஹான் பேரரசின் ஜியாவோஜி (செந்நதிப் படுகை) ஆளுநர் சூ திங்கின் கெடுபிடியை எதிர்த்து, மே லின்னைச் சேர்ந்த இவரும் தங்கை ட்ருங் நியும் கிளம்பினார்கள். கணவரை ஆளுநர் கொன்றதுதான் பொறி என்பது வியத்நாமிய மரபு. 65 கோட்டைகள் அவர்கள் பக்கம் வந்தன என்று சீன வரலாறே எழுதுகிறது. மா யுவான் என்ற தளபதியை ஹான் பேரரசு அனுப்பியது. 43இல் எல்லாம் முடிந்தது.

இப்போது கேமுக்கு வாருங்கள். பழங்காலப் பகுதியில் லாக் வியத் கிடையாது. ஹான் உண்டு. ஆகவே ட்ருங் ட்ராக்கை எடுத்துக்கொண்டு ஹானுக்குத் தலைமை தாங்கலாம். கெமர்களைப் பழங்காலத்தில் வைத்திருக்கிறார்கள், அவர்களது பேரரசு 9ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்றாலும். வியத்நாமுக்கென்று பின்னால் டாய் வியத் வந்தது, அதுவும் இரண்டாவது காலப்பகுதிக்கு. தலைவி ஒருத்தி நாடு இல்லாமல் நிற்கிறாள்.

மா யுவான் பற்றிப் பின்னை ஹான் வரலாற்றில் இரண்டு செய்திகள் இருக்கின்றன, இரண்டுமே கேம் வடிவமைப்பாளருக்குத் தங்கம். முதலாவது, லாங் போ என்ற இடத்தில் தங்கியிருந்த நாட்களை அவர் பின்னால் நினைவுகூர்ந்தது: கீழே வெள்ளம், மேலே மூடுபனி, விஷ ஆவி கிளம்பி, பறக்கும் பருந்துகள் தண்ணீருக்குள் விழுந்ததைப் பார்த்தாராம். ஆக, அந்நியப் படைக்கு அந்த நிலம் ஆகாது என்ற எண்ணத்துக்குப் பழைய ஆதாரம் உண்டு, சதுப்புக்குப் பலம் கொடுத்ததை முழுத் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் அங்கே கொல்வது வெள்ளமும் நோயும். மரத்துக்குப் பின்னால் யாரும் ஒளிந்திருக்கவில்லை. மா யுவானும் 2,000க்கு மேற்பட்ட கப்பல்களோடு நீர்வழியாகவே தெற்கே கியு சான் பகுதிக்குப் போய் மிச்சக் கிளர்ச்சியை ஒடுக்கினார்.

இரண்டாவது செய்தி: அவர் லாக் வியத் மக்களின் வெண்கல முரசுகளைக் கைப்பற்றி, உருக்கி, ஒரு மாதிரிக் குதிரைச் சிலை வார்த்துப் பேரரசருக்குக் கொடுத்தார். ஒரு சமூகத்தின் அதிகாரமே முரசில் இருந்தது என்று தெரிந்தவர்தான் இதைச் செய்வார்.

முரசிலேயே இருக்கும் படைப்பட்டியல்

அந்த வகை வெண்கல முரசுகளில் ஒன்றான ஙோக் லூ முரசு இன்று ஹனோயில் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 86 கிலோ எடை, 63 செ.மீ. உயரம், மேல்முகம் 79 செ.மீ. குறுக்களவு. நடுவில் 14 முனை நட்சத்திரம். அதைச் சுற்றிச் சுற்றி வட்டங்களாகக் காட்சிகள்: இறகுத் தலையணி அணிந்து ஆடும் மனிதர்கள், தூண்மேல் நிற்கும் வளைகூரை வீடுகள், உலக்கையால் நெல் குத்தும் ஜோடி, மான்கள், நீண்ட அலகுப் பறவைகள். பக்கவாட்டில் படகுகள். படகுகளில் ஈட்டிக்காரர், கோடரிக்காரர், படகின் நடுவே உயர்த்திய மேடைமேல் ஏறி நிற்கும் வில்லாளி.

ஒரு வடிவமைப்பாளர் இதற்கு மேல் என்ன கேட்பார்? படைப்பட்டியல், வீட்டு மாதிரி, உடை, பொருளாதாரம், எல்லாம் ஒரே உலோகத் தட்டில் வரைந்து வைத்திருக்கிறது. மழைக்காட்டுக்குள் பதுங்கும் வீரன் மட்டும் அதில் இல்லை. படைவீரர்கள் படகில் இருக்கிறார்கள். இந்த வகை முரசுகள் இந்தோனேசியத் தீவுகள் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரத்துக்கும் பழைய எழுத்துச் சான்று உண்டு. 6ஆம் நூற்றாண்டின் சீன நீர்நிலை நூல் ஒன்று அதைவிடப் பழைய குறிப்பை எடுத்துத் தருகிறது: அங்கே லாக் வயல்கள் உண்டு, ஓதநீர் ஏறி இறங்குவதற்கேற்ப அவற்றில் வேளாண்மை நடக்கிறது, அந்த மக்களுக்கு லாக் தலைவர்கள் உண்டு. ஆற்றுக்குள் ஏறிவரும் கடலின் ஏற்றவற்றத்தை வைத்து உழவு செய்தவர்கள். பின்னால், 938இலும் 1288இலும், இதே நாட்டவர் பாக் தாங் ஆற்றில் மரமுளைகளை நட்டு, ஓதம் வற்றும் நேரம் பார்த்து எதிரிக் கப்பல்களைச் சிக்கவைத்தார்கள். 1288இல் சிக்கியது குப்லாய் கானின் கடற்படை. வியத்நாம் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிகள் ஆற்றுநீரில் கிடைத்தவை. சிவிலைசேஷன் 6இன் வியத்நாமுக்கோ கப்பலில் ஒரு தனித்தன்மையும் கிடையாது.

கோ லோவாவில் கிடைத்தது

ஹனோய்க்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில் கோ லோவா. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மண்மதில்கள்: வெளி மதில் சுற்றளவு சுமார் 8 கி.மீ., நடு மதில் 6.5 கி.மீ., உள் மதில் 1.65 கி.மீ. ஒவ்வொன்றுக்கும் வெளியே அகழி. அகழிகள் ஹோவாங் ஆற்றோடு தொடர்புடையவை. அவ் லாக் அரசைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நிறுவியதாக மரபு சொல்லும் அன் ஸுவோங் வுவோங்கின் தலைநகரம் இது.

இவ்வளவு பெரிய கோட்டையை உள்ளூர்க்காரர்கள் கட்டியிருக்க முடியுமா, ஹான் ஆட்சியில் வந்ததாக இருக்குமா என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. 2007-08இல் வியத்நாமியத் தொல்லியலாளர்களும் நாம் கிம் என்ற ஆய்வாளரும் சேர்ந்து நடு மதிலை வெட்டிப் பார்த்தார்கள். முக்கியக் கட்டுமானம் கி.மு. 300-100 வாக்கில் நடந்திருக்கிறது என்று காலக்கணிப்பு சொன்னது. ஹான் படை வருவதற்கு முன்பே அங்கே ஆயிரக்கணக்கான ஆட்களைத் திரட்டி, சோறு போட்டு, மண்ணை அடித்து இறுக்கி மதில் எழுப்ப வைக்கக்கூடிய ஓர் அதிகாரம் இருந்தது. 1982இல் இதே வளாகத்தில் தோண்டியெடுத்த முரசுக்குள் சுமார் 200 வெண்கலப் பொருட்கள் நிரம்பியிருந்தன; அவற்றில் கொழுமுனைகள் மட்டும் 96. போர்க்கருவிகளைவிட உழவுக்கருவி அதிகம்.

அம்புக்கும் குறைவில்லை. 1959இல் மதிலின் தென்பக்கம் கவ் வுக் என்ற இடத்தில் ஏறத்தாழ 10,000 வெண்கல அம்புமுனைகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. 2000களின் அகழாய்வில் உள்கோட்டையிலேயே அம்புமுனை வார்க்கும் கல் அச்சுகளும் கிடைத்தன. அரண்மனைக்குப் பக்கத்திலேயே அம்புத் தொழிற்சாலை.

இதோடு அன் ஸுவோங் வுவோங்கைப் பற்றிய மரபுக்கதையைச் சேர்த்துப் பாருங்கள். பொன் ஆமை கொடுத்த நகத்தை விசையாக வைத்துக் காவ் லோ என்பவன் மன்னனுக்கு ஒரு குறுக்குவில் செய்து தருகிறான். ஒரு முறை இழுத்தால் முந்நூறு பேர் விழுவார்கள் என்கிறது பழைய சீனக் குறிப்பு. தென்சீனத்தில் தனியரசு கண்ட ட்ரியூ தா படையெடுத்துத் தோற்கிறான். பிறகு சமாதானம் பேசி, மகன் ட்ரோங் துய்க்கு மன்னன் மகள் மி சாவைப் பெண் கேட்கிறான். மருமகனாக வந்தவன் வில்லைப் பார்க்க ஆசைப்படுகிறான், மனைவி காட்டுகிறாள், விசை மாற்றப்படுகிறது. அடுத்த படையெடுப்பில் மன்னன் சதுரங்கப்பலகை முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான்; வில் வேலை செய்யவில்லை.

இது அப்படியே ஒரு கேம் விதி. கோட்டைக்குள் ஓர் அரிய ஆயுதம். அது இருக்கும் வரை நேர்ச்சண்டையில் யாரும் நெருங்க முடியாது. ஆனால் அதன் உயிர் ஒரே உறுப்பில், அதை எடுக்க ராஜதந்திரம் போதும். இப்போதுள்ள கேம்களில் வலுவான திறன் என்றால் அது கடைசி வரை நிற்கும். லாக் வியத்துக்கு அது எதிரியின் உளவாளி நுழையும் வரைதான் நிற்க வேண்டும். எல்லை திறப்பு ஒப்பந்தம், தூதரகம், கூட்டணி எல்லாம் மற்ற நாடுகளுக்கு லாபம். இவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு கதவு. தனித்து நின்றால் வணிகத்தில் நட்டம், கைகோத்தால் வில் போகும். மல்டிபிளேயரில் இந்த நாட்டோடு நட்பு கேட்டு வருகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

கட்டினால் எப்படி

வில்லுக்கு விலை அம்பு வார்ப்புதான்: அச்சுக்கூடம் தலைநகரில் மட்டும் இருக்க வேண்டும், வெண்கலம் தீர்ந்தால் வேகம் குறைய வேண்டும். வயல் விளைச்சல் ஆற்றையும் கடலையும் பொறுத்து ஏறி இறங்க வேண்டும். ஏற்றத்தில் விதைத்தவனுக்கு லாபம், கவனிக்காதவனுக்குப் பஞ்சம். அகழிக்குள் படகு ஓட வேண்டும், அந்தப் படகில் வில்லாளி ஏற வேண்டும்.

முரசை ஒரு கலைப்பொருளாக மட்டும் வைக்காமல், அது இருக்கும் ஊரின் தலைவன் விசுவாசமாக இருப்பான் என்று வைக்கலாம். தலைநகரைப் பிடிப்பதைவிட முரசுகளைப் பிடித்து உருக்குவது எதிரிக்கு லாபமாக இருக்க வேண்டும், மா யுவான் செய்தது போலவே. மறுபக்கம், ஆக்கிரமித்தவன் வரியை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் ஊர்கள் ஒன்றொன்றாக அல்ல, கொத்தாகத் திரும்ப வேண்டும். 65 கோட்டைகள் அப்படித்தான் திரும்பின. யானையை வேண்டாம் என்று சொல்லவில்லை. பா ட்ரியூவுக்கு யானை இருக்கட்டும், தலைவியின் சொந்த வாகனமாக, ஒன்றே ஒன்று.

சிக்கல் ட்ரியூ தாவிடம்தான். அவன் நிறுவிய நாம் வியத் அரசை எங்கே வைப்பது? பழைய வியத்நாமிய வரலாற்றாசிரியர்கள் அவனைத் தங்கள் அரசவரிசையில் சேர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ங்கோ தி சி அதை மறுத்தார். அவன் வெளியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவன் என்றார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு லாக் வியத்தின் பரம எதிரி நாடாக நாம் வியத்தை வைப்பதே சரி என்று படுகிறது. மருமகன் கதைக்கு அப்போதுதான் காரம் இருக்கும்.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு கேம் வேண்டியதில்லை. சிவிலைசேஷன் 7 வெளிவந்தபோது ஒவ்வொரு காலப்பகுதியும் நெருக்கடியில் முடிந்து, பழைய நாட்டிலிருந்து புதிய நாட்டுக்கு மாற வேண்டும் என்பது விதி. கி.பி. 43இல் தோற்ற ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமையாது: தோல்வியோடு பழங்காலம் முடியும், வயலும் ஊரும் மிஞ்சும், அடுத்த காலப்பகுதியில் டாய் வியத்தாக எழலாம். தலைவி ஏற்கெனவே கேமில் இருக்கிறார், இரண்டாவது நாடும் வந்துவிட்டது. காலியாக இருப்பது பழங்காலத்து நாற்காலி ஒன்றுதான். அதுவரை ட்ருங் ட்ராக்கை எடுக்கும் ஆட்டக்காரர் ஹான், கெமர் என்று வேறொரு நாட்டை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.